ரஸ்தாளிக் கன்று

எங்கள் அப்பாரு வாழைக்கன்று வாங்கப் போனால் இடுப்பில் கொடுவாளோடுதான் போவார். விற்கிறவர் தோண்டி வைத்த குவியலில் தானே ஒரு கன்றை உருவி எடுத்து, கிழங்கைக் குறுக்கே ஒரே போடு. வெட்டுவாயை வெயிலுக்குக் காட்டித் திருப்பிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். பால்போல வெளுத்திருந்தால் பேரம் தொடங்கும். துருப்பிடித்த கம்பி ஓடியதுபோல ஒரு கோடோ, செம்பழுப்பாக நாலு புள்ளியோ தெரிந்தால் பேச்சே இல்லை. வெட்டிய அந்த ஒரு கன்றுக்கு மட்டும் காசை எண்ணி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடப் போன எனக்கு அப்போது ஏழெட்டு வயது. ஆகாத கன்று என்று அவரே சொல்கிறார், அதற்குப் போய்க் காசும் கொடுக்கிறாரே என்று இருக்கும்.

ஜேடர்பாளையத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே, ராஜா வாய்க்கால் பாசனத்தில் எங்கள் பூமி. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் அந்த வாய்க்காலை அல்லாள இளைய நாயக்கர் வெட்டினார் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்கள். சேலம் என்றதும் மாம்பழமும் வெள்ளியும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு, அதே ஜில்லாவின் தெற்கு ஓரத்தில் ஆற்றோடு ஒட்டி நெல்லும் வெற்றிலையும் வாழையுமாக ஒரு பச்சைக்கரை கிடப்பது தெரியாது. வாழையில் பூவன்தான் அதிகம். கற்பூரவல்லி, பச்சைநாடன், மொந்தன் எல்லாம் உண்டு. ஆனால் வீட்டுக்கு நல்ல விருந்தாளி வந்தால் அப்பாரு தேடியது ரஸ்தாளி.

ரஸ்தாளியை வியாபாரிக்குப் பிடிக்காது. தோல் மெல்லிசு. நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து பழம் தானாக உதிரும். சில தார்களில் பழத்துக்குள் கல் விழும். மாவுபோல இருக்க வேண்டிய சதைக்குள் கடிபடாத கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். (அந்தக் கல்லுக்கு மருந்து 2,4-டி என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். களைக்கொல்லியேதான், தாரின் மேல் மிகக் குறைந்த அளவில் தெளிக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னபோது, களை சாகிற மருந்தைப் பழத்துக்கு அடிக்கச் சொல்கிறான் பார் என்று என்னைத்தான் திட்டினார்.) இத்தனை குறையும் இருந்தும், பழுத்த ரஸ்தாளி ஒரு தார் திண்ணையில் தொங்கினால் வாசனை தெருமுனை வரை போகும். அதற்காகவே வைத்தார்கள்.

நோய் வந்தது வைத்து ஐந்தாறு மாதத்தில் தெரியும். முதலில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகும். மஞ்சள் உள்நோக்கி நடுநரம்பு வரை போகும். பிறகு இலை காம்போடு ஒடிந்து மரத்தைச் சுற்றித் தொங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக எல்லா இலையும் தொங்கி, நடுக்குருத்து மட்டும் பச்சையாக நிற்கும். எங்கள் ஆத்தா இதை, "மரம் பாவாடை கட்டிக்கிச்சு" என்பார். நாலைந்து நாளில் அடித்தண்டு நெடுக்காக வெடிக்கும். தார் போட்டாலும் காய் தேறாது. தண்டைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகச் செம்பழுப்பு. அப்பாரு கன்றுக் கிழங்கில் தேடியது இதன் தொடக்கத்தைத்தான்.

இந்தக் கரையில் அப்போது பூஞ்சாணத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் வாழைக்காரர்களை விடக் கொடிக்கால்காரர்கள்தான். பரமத்தி வேலூர் வெற்றிலைக்கு ஒரு பெயர் உண்டு. அகத்தியை நட்டு அதில் கொடி ஏற்றி, நிழலும் ஈரமும் எந்நேரமும் இருக்கிற மாதிரி வளர்க்கிற பயிர்; பூஞ்சாணத்துக்கு அதைவிடச் சுகமான வீடு ஏது. கொடி அடியில் அழுகி வாடினால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஊற்றுவார்கள். பிரான்ஸில் திராட்சைக் கொடிக்காக 1885-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் எழுதி வெளியிட்ட போர்டோ கலவை, எங்கள் ஊரில் மண்பானையில் கரைந்துகொண்டிருந்தது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் தனியாகக் கரைத்து, ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கிளறுவார்கள். ஊற்றும் முறை மாறக் கூடாது. உலோகப் பாத்திரம் ஆகாது. கடைசியில் அருவாமனையைத் துடைத்து ஒரு நிமிஷம் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, கொடி கருகும். இன்னும் ஒரு கை போடு. படியாவிட்டால் சரி. வேதியியல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செம்பு இடப்பெயர்ச்சி நடத்தும்போதெல்லாம் எனக்குச் சோதனைக்குழாய் கண்ணில் தெரியாது, அந்த அருவாமனைதான் தெரியும்.

கொடிக்குப் பலித்த மருந்து வாழைக்கும் பலிக்கும் என்று எங்கள் அப்பா பானை பானையாக ரஸ்தாளிக்கு ஊற்றினார். ஒரு மரமும் பிழைக்கவில்லை. போர்டோ கலவை மேலே படிந்து காக்கும் மருந்து. வாழையின் வாடல் பூஞ்சாணமோ மண்ணிலிருந்து வேர் வழியாகக் கிழங்குக்குள் புகுந்து, தண்ணீர் ஏறுகிற குழாய்களுக்குள்ளேயே குடியேறி, குழாயை அடைத்துவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும்போதே மரம் தாகத்தில் வாடியதன் காரணம் இதுதான்.

பியூசேரியம் என்ற அந்தப் பூஞ்சாணம் உண்டாக்கும் நோய்க்குப் பனாமா வாடல் என்று பெயர் வந்தது மத்திய அமெரிக்காவின் பெரிய ஏற்றுமதித் தோட்டங்களால். ஆனால் உலகத்தில் அதை முதலில் எழுதி வைத்தவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்த ஜோசப் பேங்க்ராஃப்ட் என்ற மருத்துவர், 1876-ல். அவர் பார்த்த மரம் எது தெரியுமா? அங்கே 'சுகர்' என்று அழைத்த வாழை. உலக வாழைக்காரர்கள் 'சில்க்' என்று வகைப்படுத்துகிற அதே கூட்டம், அதாவது நம் ரஸ்தாளியின் உடன்பிறப்பு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பனாமாவில் யாருக்கோ வந்த நோய் எங்களையும் தொற்றியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நோயின் ஏட்டில் முதல் பக்கத்திலேயே நம் வீட்டுப் பிள்ளையின் பெயர்.

இந்தியாவில் 1911-ல் வங்காளத்தின் சின்சுராவில் பதிவானது. அதற்கு முந்தின வருடம்தான் கியூபாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து அமெரிக்கர் எர்வின் ஸ்மித் பூஞ்சாணத்துக்குப் பெயர் வைத்திருந்தார். அமெரிக்கக் கம்பெனிகள் ஏற்றுமதி செய்தது ஏறக்குறைய முழுக்க 'குரோ மிஷேல்' வாழை. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே ரகம். அது விழ விழக் காட்டை அழித்துப் புது மண் தேடிப் போனார்கள். 1960-களில் போக இடமில்லாமல், இந்த நோயைத் தாங்குகிற கேவண்டிஷுக்கு மாறினார்கள். நாம் இன்று ஜி-9, ரொபஸ்டா என்று வாங்குகிற பச்சைப்பழக் கூட்டம் அதுதான். மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூடு ரசபாளே ரஸ்தாளிக்கு நெருங்கிய உறவு. புவிசார் குறியீடு வாங்கிய ரகம், ஆனால் வாடல் நோயால் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

பூவன் மட்டும் ஏன் நின்றது என்று கேட்கலாம். பூவனுக்கு இந்தப் பூஞ்சாணத்தைத் தாங்கும் உடம்பு இருக்கிறது. அதன் தொல்லை வேறு, வைரஸ். ரஸ்தாளிக்கும் கற்பூரவல்லிக்கும் அந்த உடம்பு இல்லை. நெல்லாக இருந்தால் பூவனின் தாங்குதிறனை ரஸ்தாளிக்கு ஒட்டுச் சேர்த்துவிடலாம். வாழையில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. ரஸ்தாளிச் செல்லில் குரோமோசோம் மூன்று செட், 33. இரண்டு செட் ஒரு காட்டு வாழையினுடையது, ஒரு செட் இன்னொரு காட்டு வாழையினுடையது. மூன்றை இரண்டாகப் பங்கு போட முடியாததால் விதை பிடிப்பதில்லை. பழத்தை அரிந்தால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள்தான் விதையாக வேண்டியிருந்து ஆகாமல் போனவை.

கல்யாண வீட்டில் வாழையடி வாழையாக இருங்கள் என்று வாழ்த்துகிறோம். தாவரவியல்படி அது அச்சு அசலான உண்மை. தாய்க்கும் கன்றுக்கும் மரபணுவில் வேறுபாடு இல்லை. எங்கள் அப்பாரு தின்ற ரஸ்தாளியும் அவருடைய அப்பாரு தின்றதும் ஒரே மரம், கிழங்கு கிழங்காக நகர்ந்து வந்தது. ஆயிரம் தலைமுறை பார்த்த பூஞ்சாணத்துக்கு எதிராக ஒரு தலைமுறையும் மாறாத பயிர். கன்றோடு நோயும் சொத்தாக வந்தது என்பதுதான் அந்த வாழ்த்தில் யாரும் சொல்லாத பாதி.

எங்கள் பக்கத்தில் நோய் பரவிய கதையில் நான் காற்றையும் மழையையும் அதிகம் குறை சொல்லமாட்டேன். கன்று கொடுக்கல் வாங்கலைத்தான் சொல்வேன். சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பும்போது மாட்டுவண்டியில் நாலு கன்று. புது வீடு கட்டினால் கொல்லைக்கு ஒரு கன்று. கன்றைக் காசுக்கு விற்பதே கொஞ்சம் கூச்சமான காரியம். கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்டவர் முகத்துக்கு நேரே கிழங்கை வெட்டிப் பார்க்க அப்பாரு போன்ற ஆளால்தான் முடியும். வெட்டிய கன்றுக்கு அவர் ஏன் காசு வைத்தார் என்பது இப்போது புரிகிறது: சந்தேகப்பட்டதற்கு அபராதம்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வாழை எடுத்த வயலில் உடனே வாழை வைக்கமாட்டார். இரண்டு போகம் நெல். கேட்டால், "மண்ணு சூடு ஆறோணும் கண்ணு" என்பார். சூடு என்று அவர் சொன்னது என்னவோ, நெல்வயலில் மாதக்கணக்கில் நிற்கிற தண்ணீருக்கு அடியில் காற்றில்லாமல் பூஞ்சாணத்தின் வித்துகள் குறைகின்றன என்று வேளாண்மைக்காரர்களும் நெல்லோடு மாற்றுப் பயிர் செய்யச் சொல்கிறார்கள். முழுக்கச் சாவதில்லை; கெட்டித் தோல் போர்த்திக்கொண்டு இருபது முப்பது வருடம் கூட மண்ணில் கிடக்கும். ஆனால் குறையும். காவிரியில் தண்ணீர் முறை வைத்து வர ஆரம்பித்த பிறகு, கிணற்றுத் தண்ணீருக்கு நெல் கட்டுபடியாகாது என்று ஆன பிறகு, எங்கள் பூமியில் வாழைக்குப் பின் வாழை வந்தது. ரஸ்தாளி போனதற்குப் பூஞ்சாணத்தை மட்டும் சொல்கிறார்கள். நெல் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அப்பா காலத்தில் மருந்து மாறியது. வேளாண் பல்கலைக்கழகம் சொன்னது கார்பன்டசிம் கேப்ஸ்யூல். மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு வாங்குகிறோமே, அதே உறை, உள்ளே 60 மில்லிகிராம் பூஞ்சாணக்கொல்லி. கிழங்கில் சாய்வாகத் துளை போட்டு உள்ளே தள்ளி, களிமண்ணால் அடைக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு மரத்தடியிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாத்திரை கொடுத்ததை நான் பார்த்தேன். "ஆசுபத்திரி வெச்ச மாதிரி ஆச்சு" என்று அவரே சிரித்தார். சில மரம் தேறியது. அடுத்த வருடம் அதே மண்ணில் திரும்ப வந்தது.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பழைய ஆசை ஒன்று தீர, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்திலிருந்து இருநூறு ரஸ்தாளிக் கன்று கொண்டுவந்தேன். தோட்டக்காரர் எனக்கு மிக வேண்டியவர். அதனாலேயே வெட்டிப் பார்க்கவில்லை. ஆறாம் மாதம் மேற்கு மூலையில் ஒரு மரம் பாவாடை கட்டியது. தை மாதத்துக்குள் கால்வாசி போனது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோட்டமும் அதே நிலைமையில்தான் இருந்திருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது. நோய் வெளியே காட்டாத கன்றிலும் பூஞ்சாணம் இருக்கும்.

ஒட்டுச் சேர்க்க முடியாத பயிருக்கு மரபணுவை நேராகச் செல்லுக்குள் வைத்தால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் வருகிறது. இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது, இந்தியாவில் அதைச் செய்து பார்த்தவர்கள் எடுத்துக்கொண்ட ரகம். மும்பை டிராம்பேயில் அணுகுண்டோடு சேர்த்தே நாம் கேள்விப்படுகிற பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், டி. ஆர். கணபதியின் குழு, ஏற்றுமதிக்கு ஓடுகிற கேவண்டிஷை விட்டுவிட்டு ரஸ்தாளியை எடுத்தது. மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிருக்கு, தன் மரபணுத் துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிற இயல்பு உண்டு. அதன் துண்டை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதைக் கட்டி அனுப்பினால் சுமைகூலி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடும். இந்த வழியாக ரஸ்தாளிச் செல்லுக்குள் வேற்று மரபணுவை வைக்க முடியும் என்று 2001-ல் காட்டினார்கள்.

2012-ல் அவர்கள் வைத்தது பெட்டூனியாப் பூவின் மரபணு. ஏற்காட்டுக் கோடை விழாவில் தொட்டி தொட்டியாக வைப்பார்களே, புனல்போல விரிந்த பூ, அதுதான். தன் பூவைப் பூஞ்சாணத்திடமிருந்து காத்துக்கொள்ள அது டிஃபென்சின் என்கிற சின்னப் புரதத்தைச் சுரக்கிறது. ரஸ்தாளிக்குள் அந்தப் புரதம் சுரந்தபோது, பூஞ்சாணம் கலந்த மண்ணில் வைத்தும் செடிகள் தாங்கின. 2014-ல் இன்னும் நுணுக்கமாக ஒன்று செய்தார்கள். பூஞ்சாணம் உயிரோடிருக்கத் தேவையான இரண்டு மரபணுக்களின் செய்தியை வாயடைக்கும் ஆர்.என்.ஏ.-வை வாழையே தயாரிக்கும்படி செய்தார்கள். குழாய்க்குள் புகுந்த பூஞ்சாணம் வாழையின் சாற்றோடு அதையும் உறிஞ்சி, தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும். மாத்திரையை அப்பா வெளியிலிருந்து திணித்தார். இங்கே மரமே மாத்திரை செய்கிறது.

இவை பசுமைக்குடிலைத் தாண்டி எங்கள் கரைக்கு வரவில்லை. இந்தியாவில் விவசாயி முறைப்படி பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் 2002-ல் வந்த பருத்தி ஒன்றுதான். பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் போட்ட தடைக்குப் பிறகு உணவுப் பயிர் எதுவும் வயலுக்கு வரவில்லை. கத்தரிக்காய்க் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், எதிர்ப்பு வரிசையில். விதைக்காக ஒவ்வொரு வருடமும் கடை வாசலில் நிற்க வேண்டிவரும் என்பது என் பயமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் ரஸ்தாளி விஷயத்தில் அந்த வாதம் என் வாயில் முழுசாக வருவதில்லை. மகரந்தம் பறந்து பக்கத்து வயலைக் கெடுக்கும் என்று சொல்ல, இது விதையே பிடிக்காத மரம்.

முதலில் வாசலைத் தாண்டியது வேறொரு வாழை. கேவண்டிஷையும் சாய்க்கிற புது இனம், டிஆர்-4, ஆசியாவில் கிளம்பி 2019-ல் கொலம்பியா வரை போய்விட்டது. இங்கே பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பக்கம் தலைகாட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் என்பவரின் குழு, விதையுள்ள ஒரு காட்டு வாழையிலிருந்து ஆர்ஜிஏ-2 என்ற மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் வைத்தது. நோய்மண்ணிலேயே நட்டு வருடக்கணக்கில் பார்த்தார்கள். க்யூகேவ்-4 என்று பெயரிட்ட அந்த வாழைக்கு 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அனுமதி கிடைத்தது. மரபணு மாற்றிய வாழையில் வணிகத்துக்கு அனுமதி பெற்ற முதல் வாழை. வாழையின் மரபணு வாழைக்கே போனதால் எனக்கு இது பெட்டூனியாவை விடக் கொஞ்சம் சொந்தமாகத் தெரிகிறது. அது அறிவியல் இல்லை, வெறும் மனசு.

நோய் தாங்கும் ரஸ்தாளி ஒருநாள் வந்தால் என்று யோசிக்கும்போது எனக்கு வருகிற சந்தேகம் வேறு. ஒரு நாற்றங்காலில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கன்றாக அது இருக்கும். அதன் பக்கக் கன்றைத் தோண்டிச் சம்பந்தி வண்டியில் வைக்கலாமா? வாழை தானே கன்று விடும். அதை யார் தடுப்பது? பருத்திக் கொட்டையைப் போலக் கடையில் அடைத்து விற்க முடியாத ஒரு பயிர் இது.

எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இரண்டு ரஸ்தாளிக் கட்டை இருக்கிறது. அந்த மண் இதற்கு முன் வாழை பார்க்காத மண். திருச்சியில் 1993-லிருந்து இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு ஒருமுறை போய்வந்த பிறகு, வெளியே போட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அந்தப் பக்கம் கொண்டுபோக நான் விடுவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் என்மேல் கடுப்பு.

போன மாதம் என் அக்கா மகளின் வீட்டுக்காரர் வந்தார். மோகனூர்ப் பக்கம் புதுவீடு கட்டிக் குடிபோயிருக்கிறார்கள்.

"மாமா, அந்த ரஸ்தாளியில ஒரு கன்னு குடுங்க. கொல்லையில வெச்சரலாம்."

"எதுக்கு மாப்ள, பூவன் வெச்சாப் போதாதா?"

"அவ கேக்கறாங்க மாமா. சின்னதுல இங்க வந்து தின்னதாமே."

கடப்பாரையால் ஈட்டி இலைக் கன்று ஒன்றைப் பெயர்த்தேன். வேரைக் கழித்து, கொடுவாளால் கிழங்கின் ஓரத்தை ஒரு வில்லை சீவினேன். வெள்ளையாக இருந்தது. மாப்பிள்ளை கையை நீட்டினார். நான் கிழங்கைத் திருப்பி மறுபக்கமும் சீவினேன்.